ஓரத்திலிருந்து உள்ளே

மார்ச் 4

மேஸ்திரியம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாவுக்கட்டு போட்ட உன் கை எப்படி இருக்கிறது? மச்சான் வீட்டில் அண்ணி உன்னை ஒரு தம்ளரைக்கூட எடுக்க விடமாட்டாள் என்று தெரியும். நீயும் சும்மா உட்காருகிற ஆளில்லை. ஆகவே அங்கே யாருக்கு முதலில் பைத்தியம் பிடிக்கும் என்பதுதான் என் கவலை.

மரம் வெட்டுகிற வேலையில் மணிக்கட்டு எப்படி ஒடியும் என்று அண்ணி கேட்டதாக எழுதியிருந்தாய். இது வெட்டுகிற வேலையே இல்லை என்று சொல். வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கிற களைப்புதர், சனியன். மருந்து அடிக்கலாம் என்றால் கீழே குடிதண்ணீர் எடுக்கிறார்கள். இயந்திரத்தை விடலாம் என்றால் மண்ணுக்கடியில் குழாய் ஓடுகிறது. அதனால்தான் முதலை என்று நாம் கூப்பிடுகிற கருவியை வைத்து ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்குகிறோம். அடியில் இரும்புவாய், மேலே ஆள் உயரத்துக்குக் கைப்பிடி. தண்டின் அடியைக் கவ்வக் கொடுத்துவிட்டுக் கைப்பிடியை உடம்புக் கனத்தோடு சாய்த்தால் வேர் கிளம்பி வரும். கவ்வியது வழுக்கினால் சாய்த்த ஆள் மல்லாக்க விழவேண்டியதுதான், நீ விழுந்த மாதிரி.

நீ போனபிறகு நான்தான் மேஸ்திரி என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டுப் போனார். யார் மதிக்கிறார்கள்? இன்னும் என் பெயர் "மேஸ்திரியம்மா வீட்டுக்காரர்"தான். இருந்தாலும் நீ கோடு கிழித்துக் கொடுத்தபடியே வேலை நடக்கிறது. "விதை பரவுறது ஓரத்துலதான், அதனால ஓரத்துலேர்ந்து உள்ள போங்க" என்று சொன்னாயே, நான்கு பக்கமும் அப்படியே பிடுங்கிக்கொண்டு உள்ளே வருகிறோம். அந்தப் பெரிய காடு இப்போது நடுவில் ஒரு திட்டாகச் சுருங்கிவிட்டது. சுற்றிலும் மொட்டை மண். பார்த்தால் உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

இனி சொல்லப்போவதற்குச் சிரிக்காதே. நேற்று மதியம் திட்டின் மேற்கு ஓரத்தில் ஒரு செடிக்கு முதலையைக் கொடுத்தேன். கைப்பிடியை நான் இன்னும் தொடக்கூட இல்லை. செடி அசைந்தது. அதற்குப் பின்னால் இருந்த செடியும், அதற்கும் பின்னால் இருந்ததும் வரிசையாக அசைந்தன. பிறகு நின்றுவிட்டன. காற்று இல்லை. நான் முதலையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்று காலைவரை போய் எடுக்கவில்லை.

உன் வீட்டுக்காரன்

*

மார்ச் 8

வீட்டுக்காரருக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறினது போலத்தான் இருக்கும். பொறுத்துப் படியுங்கள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முயல் இருக்கும், இல்லையென்றால் நரி. போன வருடம் ஒரு ஓணானுக்குப் பயந்து நீங்கள் தண்ணீர் லாரி மேல் ஏறிய கதையை நம் ஆட்களில் அந்தச் சிரிப்பக்கா இன்னும் மறந்திருக்க மாட்டாள். நீங்களே மறுபடி நினைவுபடுத்தாதீர்கள்.

முதலையைப் போட்டுவிட்டு வந்தீர்களாமே! கருவியைக் களத்தில் விட்டுவிட்டு வருகிற மேஸ்திரியை நான் பார்த்ததே இல்லை. போய் எடுத்து வாருங்கள். மழைக்கு முன் திட்டு முடியவேண்டும். வேர் பிடுங்கிய மண்ணில் புல் விதை தூவவேண்டும். நாள் இல்லை.

கையில் அரிக்கிறது. கட்டுக்குள் பென்சிலை விட்டுச் சொரிந்ததற்கு அண்ணி திட்டினாள்.

சாப்பிடுங்கள். பயந்தால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது என்று எனக்குத் தெரியும்.

*

மார்ச் 12

மேஸ்திரியம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துத்தான் கோழி கிளறினது, நீ திட்டியது முத்து முத்தாகப் புரிந்தது. அதனால்தான் போனேன். சிரிப்பக்காவைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி நிமிர்ந்து நடந்து போனேன். நடக்கிறவரை எதுவும் இல்லை.

முதலில் நாற்றம் வந்தது. பச்சை மாமிசமும் நனைந்த கம்பளியும் சேர்ந்தது மாதிரி. செத்த எலியாக இருக்கும் என்று மனசுக்குச் சொன்னேன். உனக்குத்தான் தெரியுமே, முதலையின் வாயைச் சரியாகக் கொடுக்க மண்டியிட்டுத் தலையைப் புதருக்குள் விட்டே ஆகவேண்டும். இரண்டு கையும் இரும்பில் இருக்கும். கழுத்து மட்டும் யாருக்கோ எடுத்து வைத்தது மாதிரி நீண்டிருக்கும். இத்தனை வருடம் இந்த வேலை பார்த்திருக்கிறேன், கழுத்தைப் பற்றி ஒருநாளும் நினைத்ததில்லை.

உள்ளே தண்டுகளுக்கு அடியில் ஒரு வழி இருந்தது. ஆள் தவழ்ந்து போகலாம். போய்ப் போய் மழமழவென்று ஆகியிருந்தது. அதன் கோடியில் இருட்டாக ஏதோ கிடந்தது. கல் என்று நினைத்தேன். கல் ஏறி இறங்கியது. விலா. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

நான் ஓடவில்லை என்பதைத் தைரியம் என்று எடுத்துக்கொள்ளாதே. மண்டியிட்டபடியே பின்பக்கமாக நகர்ந்து வந்தேன்.  சிரிப்பக்கா என் முகத்தைப் பார்த்தாள். "என்னண்ணே, ஓணானா?" என்றாள். நான் புதரைக் கையால் காட்டினேன். அவள் சிரிப்பை நிறுத்தியதை இன்றுதான் பார்த்தேன்.

நாயைவிடப் பெரிது. நிறம் சொல்லத் தெரியவில்லை. நாங்கள் யாரும் பெயர் சொல்வதில்லை, "அது" என்கிறோம். திட்டின் ஓரத்தில் ஆட்டுக்கால் ஒன்று கிடந்தது, குளம்போடு. காட்டிலாகாவுக்குச் சொல்லலாம் என்று நம் ஆள் நெட்டை சொன்னான். "அவங்க வந்தா ஆறு மாசம் வேலைய நிறுத்திடுவாங்க. பிடுங்குற வழியப் பாருங்க" என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. பகலெல்லாம் பத்துப் பேர் கத்திக்கொண்டு வேலை செய்கிறோம். அது ஏன் போகவில்லை?

*

மார்ச் 15

வீட்டுக்காரருக்கு,

நிறுத்துங்கள். யாரும் அந்தத் திட்டுக்குப் பக்கத்தில் போகவேண்டாம்.

அது ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அண்ணியோடு துணி மடிக்க உட்கார்ந்தேன். பாதி மடித்த துணியோடு அப்படியே இருந்துவிட்டேன். போக வழி எங்கே இருக்கிறது? நான்கு பக்கமும் பிடுங்கிக்கொண்டு வந்தது நாம். வேரோடு பிடுங்கியிருக்கிறோம், இனி முளைக்காது. அதுதானே நமக்குப் பெருமை. ஒளிந்து ஒளிந்து ஆற்றங்கரை மரங்கள் வரை போக அதற்கு ஒரு செடிகூட நாம் விட்டுவைக்கவில்லை.

ஒரு பக்கத்தில் ஆரம்பித்து மரங்களைப் பார்த்துத் தள்ளிக்கொண்டே போயிருக்க வேண்டும். இருப்பதெல்லாம் தானாக ஓடியிருக்கும். நான் விதையைப் பற்றி மட்டும் நினைத்தேன். உள்ளே உயிர் இருக்கும் என்று நினைக்கவில்லை. கோடு கிழித்தது நான். கழுத்தை நீட்டுவது நீங்கள்.

மாட்டிக்கொண்ட மிருகம் எதையும் செய்யும். இப்போது அதுவும் பயந்துதான் கிடக்கிறது. அதுதான் எனக்குப் பயம்.

உங்களுக்குப் பக்கத்தில் போன் இருப்பது நீரேற்று நிலையத்தில் மட்டும்தானே, அங்கே போன் செய்தேன். கிளார்க் எடுத்தார். "சொல்லிடறேம்மா" என்று வைத்துவிட்டார். அந்தச் "சொல்லிடறேன்" எனக்குப் பிடிக்கவில்லை. உங்களிடம் சொன்னாரா? உடனே எழுதுங்கள்.

*

மார்ச் 16

மேஸ்திரியம்மாவுக்கு,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. கடிதம் கொண்டுவருகிற தண்ணீர் லாரி இரண்டு நாளாகப் பழுது. உன்னிடமிருந்து வேறு தகவலும் இல்லை. கோபமா?

நிலைமை மோசமாகிவிட்டது. நேற்று நெட்டை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் செடியைச் சாய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து ஒரு உறுமல் வந்தது. சத்தமே இல்லாத உறுமல், முதலையின் கைப்பிடி வழியாக உள்ளங்கையில் தெரிந்தது என்கிறான். அதன்பிறகு யாரும் கருவியைத் தொடவில்லை.

இன்று காண்டிராக்டர் வந்தார். ஜீப்பிலிருந்து இறங்காமலே திட்டைப் பார்த்தார். "இருவத்திரண்டாந் தேதிவரைக்கும் டைம். அதுக்குள்ள பிடுங்கலேன்னா சுத்தி நெருப்பு வெச்சிடுவோம். குழாய்க்கு ஒண்ணும் ஆகாது" என்றார். குழாய்க்கு ஆகாது. நம் தகரக் கொட்டகைகள் எங்கே இருக்கின்றன? கிழக்கே. இந்த மாதம் காற்று எந்தப் பக்கம் அடிக்கும்? கிழக்கே பார்த்து. நெருப்பு வைத்தால், பிடுங்கிக் குவித்த காய்ந்த செடியில் பற்றிக்கொண்டு காற்றோடு ஓடி வரும், நேரே கொட்டகைக்கு. சிரிப்பக்காவின் மாமியார் எழுந்து நடக்க முடியாதவள். நான் இதைச் சொன்னேன். "அப்ப பிடுங்குங்க" என்றார், ஜீப் கிளம்பியது.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். இப்போதுதான் நான் மேஸ்திரி என்று அவர்களுக்கு நினைவு வந்திருக்கிறது.  பயமாக இருக்கிறது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

*

மார்ச் 19

வீட்டுக்காரருக்கு,

கிளார்க் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் தெரிந்துவிட்டது.

கிளம்பி வந்துவிடுங்கள். இன்றே. கொட்டகையில் இருப்பவர்களையும் கிளப்புங்கள், வராதவர்கள் அவர்கள் இஷ்டம். ஊர் கோழை என்று சொல்லட்டும். நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், செத்தா போய்விட்டீர்கள்? வேலை போனால் போகட்டும். எனக்கு நீங்கள் வேண்டும்.

இத்தனை வருடத்தில் நான் சொல்லி நீங்கள் கேட்காத காரியம் ஒன்று உண்டா? இதையும் கேளுங்கள். சட்டி பானையைக்கூட எடுக்கவேண்டாம்.

*

மார்ச் 21, காலை

மேஸ்திரியம்மாவுக்கு,

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. முதலாவது பதினெட்டாம் தேதி வந்தது, அதைப் படித்ததும் எனக்கு வழி தெரிந்தது. இரண்டாவது நேற்று வந்தது, அதை மட்டும் கேட்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. முதலில் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன்: போய்விட்டது!

"அதுவும் பயந்துதான் கிடக்கிறது" என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பயத்தைப் பற்றி என்னைவிட இங்கே யாருக்குத் தெரியும்? பயந்தவனுக்குத் தைரியம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அவனுக்கு வேண்டியது மறைவாகப் போக ஒரு வழி. திறந்த வெளியில் எல்லோரும் பார்க்க நட என்றால் நான் செத்தாலும் நடக்கமாட்டேன். அதுவும் அப்படித்தானே?

செடி இல்லை என்றாய். செடி இருக்கிறது, நிற்கவில்லை அவ்வளவுதான். பிடுங்கியதெல்லாம் மறுபடி வேர் ஊன்றிவிடக் கூடாது என்று தலைகீழாகக் குவித்து வைத்திருக்கிறோமே, மலை மலையாக, அதையெல்லாம் தார்ப்பாயில் போட்டு இழுத்து வந்தோம். திட்டின் மேற்கு ஓரத்திலிருந்து ஆற்றங்கரை மரங்கள் வரை இரண்டு பக்கமும் வேலி மாதிரி அடுக்கி, மேலேயும் கிளையைப் போட்டு மூடினோம். உள்ளே அது தவழ்ந்து போகிற மாதிரி ஒரு சந்து. சிரிப்பக்காதான் எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்தாள். காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டு, "பிடுங்கக் கூலி வாங்கிட்டு இப்ப நட்டு வைக்கிறீங்களாய்யா?" என்றார். நாங்கள் பாட்டுக்கு இழுத்தோம்.

சந்தைத் திட்டோடு சேர்க்க வாசல் திறக்கவேண்டும். ஓரத்தில் மூன்று செடி நெருக்கமாக நின்றன. அதைப் பிடுங்க யாரைப் போகச் சொல்வது? கேட்டால் யாராவது போயிருப்பார்கள். கேட்க வாய் வரவில்லை, நானே போனேன்.

முதல் இரண்டும் சுலபமாக வந்தன. மூன்றாவது என் கணுக்கால் தடிமன். மண்டியிட்டேன், தலையை உள்ளே விட்டேன். வாயைக் கொடுத்தபோது கை நடுங்கி இரும்பு தண்டில் டகடகவென்று அடித்தது. அந்தச் சத்தத்துக்கு உள்ளேயிருந்து ஒரு மூச்சு பதில் சொன்னது. ரொம்பப் பக்கம். நான் பேச ஆரம்பித்துவிட்டேன். என்ன பேசினேன் தெரியுமா? "வேணாம்மா. ஒண்ணும் பண்ணலம்மா. இதோ முடிஞ்சிடுச்சும்மா. கொஞ்சம் பொறுத்துக்கம்மா." நீ கோபமாக இருக்கும்போது உன்னிடம் கெஞ்சுகிற அதே குரல்தான், சிரிப்பக்கா பிறகு சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தேன். துணி கிழிகிற மாதிரி வேர் கிளம்பி வந்தது. கண்ணைத் திறக்காமலே செடியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று விடிந்ததும் போய்ப் பார்த்தோம். வேர் பிடுங்கிய மண் பொலபொலவென்று இருக்கும் அல்லவா, சந்து முழுக்கத் தடம், மரங்களைப் பார்த்துப் போகிற தடம். சிரிப்பக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டு, அதே மூச்சில் சிரித்தாள். வேலியைக் கலைக்கிறோம். மிச்சத் திட்டை இன்றைக்கே முடித்துவிடலாம். நாளைக்கு நெருப்பு இல்லை. எனக்குப் பசிக்கிறது!

*

மார்ச் 21, மாலை

காலையில் அனுப்பிய கடிதத்தை நம்பாதே. அவசரமாக எழுதுகிறேன். எல்லோரும் நீரேற்று நிலையத்துக்குள் அடைந்து கிடக்கிறோம்.

வேலியைப் பாதி கலைத்தோம். திட்டைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனோம். நடுவில் நசுங்கிய புல் மேல் ஒரு குட்டி கிடந்தது. கண் திறந்த குட்டி. ஒன்றே ஒன்று.

ஏன் அது இத்தனை நாள் போகவில்லை என்று இப்போது புரிகிறதா? வாயில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் போகிறது. இரண்டோ மூன்றோ கொண்டுபோய்விட்டு, மிச்சத்துக்காகத் திரும்பி வர இருந்தது. அதற்குள் நாங்கள் வழியைக் கலைத்துவிட்டோம்.

அங்கேயே விட்டுவிட்டு எல்லோரும் தள்ளி நில்லுங்கள் என்றேன். அதற்குள் காண்டிராக்டர் வந்துவிட்டார். குட்டியைப் பழப்பெட்டியில் போட்டு இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். வாங்க ஆள் இருக்கிறதாம். மூடிய பெட்டிக்குள் கத்திக்கொண்டே இருக்கிறது. இருட்டுவதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம். இப்போது உறுமலுக்குச் சத்தம் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. சிரிப்பக்காவின் மாமியாரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கி வந்தோம். நல்லவேளை, கொட்டகையில் யாரும் இல்லை.

அது இங்கே வந்தால் யாருக்குச் சேதம் என்று தெரியாது. அதனால் விடிந்ததும் குட்டியை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்கவேண்டும். கலைத்த வேலியையும் போடவேண்டும். யார் வைப்பது என்று இந்தத் தடவையும் நான் கேட்கவில்லை. அதன் வழி தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

உன் பேச்சைக் கேட்டு வந்திருக்கலாம் என்று இந்த நிமிடம் தோன்றுகிறது. ரொம்பத் தோன்றுகிறது.

*

மார்ச் 22, பகல்

மேஸ்திரியம்மாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். மற்றதை இனி நிதானமாகப் படி.

பெட்டியைக் கேட்டபோது காண்டிராக்டர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ராத்திரி கேட்ட சத்தத்தில் விலை எல்லாம் மறந்துவிட்டது. "எடுத்துட்டுப் போ, எடுத்துட்டுப் போ" என்று காலாலேயே தள்ளினார். சிரிப்பக்காவும் இன்னும் மூன்று பேரும் செடிகளை இழுத்து, நேற்று நாங்கள் பிடுங்கிய பக்கத்தையும் அடைத்து, சந்தைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஓடினார்கள். மரத்தடிப் பக்கம் சத்தமே இல்லை. அது அங்கே இருக்கிறதா, ஏற்கனவே திட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. நான் திறந்த வாசல் வழியாகவே தவழ்ந்தேன்.

உள்ளே அது இல்லை. குட்டியை இறக்கினேன். அது இறங்கவில்லை. நகத்தைச் சட்டையில் மாட்டிக்கொண்டு கத்தியது. ஒவ்வொரு நகமாக எடுக்கிறேன், மறுபடி மாட்டுகிறது. சட்டையையே கழற்றிக் குட்டியோடு வைத்துவிட்டுத் திரும்பினேன். சந்து இருட்டாக இருந்தது. நான் வரும்போது வெளிச்சமாக இருந்த சந்து.

வாசல் ஒன்றே ஒன்றுதான் திறந்து வைத்திருந்தேன். அதற்குத்தான் வழி வேண்டும் என்று நினைத்தேனே தவிர, எனக்கு ஒன்று வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை.

தண்டுகளுக்கிடையில் குப்புறப் படுத்துவிட்டேன். முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டேன். அது வந்தது. நடக்கிற சத்தம் இல்லை, இலை ஒதுங்குகிற சத்தம் மட்டும். வெற்று முதுகில் மூச்சுப் பட்டது. சூடாக இருந்தது. முதுகிலிருந்து கழுத்துக்கு வந்து அங்கேயே நின்றது. உன்னைத் தவிர வேறு எதையும் நினைக்க வரவில்லை. நினைத்ததும் நல்ல விஷயம் இல்லை. நீ என்னைத் திட்டிக்கொண்டிருந்தாய். அதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

பிறகு மூச்சு விலகியது. குட்டியின் கத்தல் பாதியில் நின்றது. இலை ஒதுங்கியது. போய்விட்டது. என் சட்டையும் போயிற்று, நகத்தில் மாட்டிக்கொண்டு சந்து நெடுக இழுபட்டுப் போனதைப் பார்த்ததாகச் சிரிப்பக்கா சொல்கிறாள். போன வருடம் நீ எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை.

அது போனது எனக்குத் தெரிந்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.  வெளியேயிருந்து "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை அப்படியே கிடந்தேன். கடைசியில் சிரிப்பக்கா உள்ளே வந்து காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

திட்டில் இன்னும் ஏழெட்டுச் செடி நிற்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் குனியமாட்டேன் என்கிறார்கள். நானும்தான். கண்ணை மூடினால் கழுத்தில் சூடு தெரிகிறது.

*

மார்ச் 22, மாலை

வீட்டுக்காரருக்கு,

இதைப் படிக்க நீங்கள் இருக்கிறீர்களா என்று தெரியாமல் எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக்குப் போன் செய்தேன். கிளார்க், "காலைல புதருக்குள்ள போனாரும்மா, வெளிய வரலையாம். வேற எதுவும் எனக்குத் தெரியாது" என்று வைத்துவிட்டார். சாயந்திரம்வரை மறுபடி மறுபடி செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்று இருபத்திரண்டு, நெருப்பு வைப்பதாகச் சொன்ன நாள். இரண்டையும் சேர்த்து நினைத்துப் பார்க்காதே என்று அண்ணி சொல்கிறாள். வேறு எதை நினைப்பது?

நான் பயப்பட மாட்டேன் என்று நீங்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வீர்கள். பொய். வீட்டில் ஒரு ஆள் பயப்பட்டால் இன்னொரு ஆளுக்கு அந்த வேலை மிச்சம், அவ்வளவுதான். நீங்கள் எனக்கும் சேர்த்துப் பயந்துகொண்டிருந்தீர்கள். இப்போது அது மொத்தமும் என் தலையில் விழுந்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு எப்படி இத்தனை வருடம் சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள், என்னோடு சிரித்தீர்கள் என்று தெரியவில்லை. எனக்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

காலை பஸ்தான் இருக்கிறது. அண்ணன் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். இந்தக் கடிதத்தை இன்று புறப்படுகிற சரக்கு லாரி டிரைவரிடம் கொடுக்கிறேன். என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன், மறுத்துவிட்டான். எனக்கு முன்னால் இந்தக் காகிதமாவது உங்களிடம் வரட்டும்.

பஸ் மதியம் வந்து சேரும். நிறுத்தத்தில் நீங்கள் நிற்கவேண்டும். அடிபட்டிருந்தாலும் பரவாயில்லை, யார் தோளையாவது பிடித்துக்கொண்டு நில்லுங்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். நீங்கள் இல்லையென்றால் நான் இறங்க மாட்டேன்.